ஐந்தாவது ஆள்

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டத்தில் மனநல ஆலோசகர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'மனம்விட்டுப் பேசுவோம்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நல்ல தலைப்புதான். ஆனால் யாரிடம் பேசுவது? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அதைச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

நம் ஊரில் ஒரு வீட்டுக்குள் கஷ்டம் நுழைந்தால், அதன் பின்னாலேயே நுழைகிறவர்கள் யார்? நாலு பேர்! கட்டிக்கொடுத்த பெண் பெட்டியோடு திரும்பி வந்தால், "நாலு பேர் என்ன சொல்வாங்க?" பையன் பரீட்சையில் தோற்றால், "நாலு பேர் என்ன சொல்வாங்க?" வீட்டுக்காரர் குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடந்தால், "நாலு பேர் பாக்கறதுக்குள்ள தூக்கிட்டு வா." இந்த நாலு பேரை யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா? அவர்கள் பெயர் என்ன? எந்தத் தெரு? யாருக்கும் தெரியாது. ஆனாலும் நம் வீட்டில் எது பேசலாம், எது பேசக் கூடாது என்று முடிவு செய்கிறவர்கள் அவர்கள்தான். கடைசியில் தூக்கிக்கொண்டு போகவும் நாலு பேர் வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே நம்மைப் பயந்துபோக வைத்திருக்கிறார்கள்.

சரி, அந்த நாலு பேரை விடுங்கள். உங்கள் மேல் உயிரையே வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் சொல்லலாமே? அம்மாவிடம் சொன்னால் அம்மா ஒரு வாரம் தூங்க மாட்டாள். அவள் தூங்கவில்லையே என்ற கவலையும் உங்கள் தலையில் வந்து சேரும். அண்ணனிடம் சொன்னால், "எவன்டா அவன்?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். கணவனிடம் சொல்லலாம். ஆனால் பிரச்சினையே கணவன்தான் என்றால்? நண்பனிடம் சொல்லலாம். நாளைக்கு அவனோடு மனஸ்தாபம் வந்தால்? பாருங்கள், இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. உங்கள் மேல் அன்பு இருப்பதால்தான் உங்கள் பிரச்சினையில் அவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பங்கு இருப்பதால் அவர்களால் சும்மா உட்கார்ந்து கேட்க முடியாது. உடனே ஏதாவது சொல்ல வேண்டும், உடனே ஏதாவது செய்ய வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன், ஐந்தாவதாக ஓர் ஆள் வேண்டும். சொந்தமில்லாத ஆள். உங்கள் வீட்டுச் சொத்தில், உங்கள் மானத்தில், உங்கள் முடிவில், எதிலும் பங்கில்லாத ஆள். கேட்பதையே வேலையாகப் படித்த ஆள். ஆலோசகர் என்பவர் அவர்தான்.

ஆலோசகரின் அறைக்குள் என்னதான் நடக்கிறது? என்னிடம் வந்த யாருடைய கதையையும் இங்கே சொல்ல மாட்டேன். பெயரை மாற்றி, ஊரை மாற்றிக்கூடச் சொல்ல மாட்டேன். இந்தத் தொழிலின் முதல் விதி அது. ஆகவே ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். உங்கள் தெருவிலேயே இருப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பது வயது. சத்துணவு மையத்தில் சமையலர். ஆறு மாதமாகத் தலைவலி. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அதற்குப் பிறகு தூக்கம் கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் பார்த்தார்கள், சுகர் பார்த்தார்கள், கண் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது. மருத்துவர் யோசித்துவிட்டு, ஓ.பி. சீட்டின் பின்னால் எழுதி ஆலோசகரிடம் அனுப்புகிறார். அந்த அம்மாவுக்குக் கோபம். "எனக்கென்ன பைத்தியமா?" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வந்து உட்காருகிறார்.

"சொல்லுங்கம்மா."

"ஒண்ணுமில்ல மேடம். தூக்கந்தான் வரமாட்டேங்குது."

அந்த 'ஒண்ணுமில்ல'வை நான் எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பேன். பெரும்பாலும் எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அவசரப்பட்டு அடுத்த கேள்வியைக் கேட்டால் காரியம் கெட்டுவிடும். காத்திருக்க வேண்டும். பேச்சில்லாமல் ஒரு நிமிடம் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று வீட்டில் முயன்று பாருங்கள்! "ராத்திரி முழிப்பு வந்ததும் முதல்ல என்ன ஞாபகம் வருது?" என்று கேட்டால், கொஞ்சம் தயங்கிவிட்டு, "குழுக் கடன்" என்பார். பிறகு கணவரின் குடி வரும். பிளஸ் டூவில் தோற்றுவிட்டு அறைக்குள்ளேயே கிடக்கும் மகன் வருவான். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியார் வருவார். இருபது நிமிடத்தில் அழுகை வரும்.

அழும்போது நம் வீடுகளில் என்ன சொல்வோம்? "அழாதே, எல்லாம் சரியாயிடும்." ஆலோசகர் அதைச் சொல்வதில்லை. சரியாகிவிடும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அழுது முடிக்க விடுகிறார். தண்ணீர் தருகிறார். பிறகு அந்த அம்மா சொன்னதையே, அவர் சொன்ன வரிசையில், கூட்டாமல் குறைக்காமல் திரும்பச் சொல்கிறார். "நீங்க சொன்னதை நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு பாருங்க. வெள்ளிக்கிழமை தவணை கட்டணும். அதுக்கு வச்ச பணத்தை அவர் எடுத்துட்டார். இதைப் பையன்கிட்ட சொல்ல முடியல, ஏன்னா அவன் ரெண்டு மாசமா உங்ககிட்டப் பேசறதில்ல."

அந்த அம்மா நிமிர்ந்து பார்க்கிறார். தன் வாழ்க்கையை இன்னொருவர் வாயால், கோபமில்லாமல், குத்திக்காட்டாமல் கேட்பது அவருக்கு அதுவே முதல் தடவை.

இதனால் என்ன லாபம் என்கிறீர்களா? மளிகைக் கடையில் மாதக் கடைசியில் மொத்தத் தொகையை மட்டும் சொன்னால் நமக்கு நெஞ்சு பதறும். துண்டுச்சீட்டை வாங்கி வரிவரியாகப் பார்த்தால், பதற்றம் போய்க் கணக்கு வந்துவிடும். எது நாம் வாங்கியது, எது வாங்காதது, எதை அடுத்த மாதம் தரலாம் என்று புலப்படும். மனதுக்குள்ளேயே கிடக்கும் கவலை மொத்தத் தொகை மாதிரி. வாய்விட்டுச் சொல்லும்போதுதான் அது வரிவரியாகப் பிரிகிறது. கணவர் குடியை நிறுத்துவது அந்த அம்மா கையில் இல்லை. தவணைக்கு வைத்த பணத்தை வீட்டில் வைக்காமல் சம்பளத்தன்றே கட்டிவிடுவது அவர் கையில் இருக்கிறது. மகன் பாஸாவது அவர் கையில் இல்லை. இன்று ராத்திரி அவனுக்குச் சோறு போடும்போது பரீட்சையைப் பற்றிப் பேசாமல் வேறு எதையாவது பேசுவது அவர் கையில் இருக்கிறது. இந்த முடிவுகளை ஆலோசகர் சொல்லவில்லை. "இதுல எது உங்க கையில இருக்கு?" என்று ஒரு கேள்வி கேட்டார், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் வருகிறார். கணவர் இன்னும் குடிக்கிறார். கடன் இருக்கிறது. மாமியார் படுக்கையில்தான் இருக்கிறார். ஆனால் மூன்று நாள் விடியும்வரை தூங்கியிருக்கிறார். மகனுக்குத் துணைத்தேர்வுக்குப் பணம் கட்டியாயிற்று. மாயம் மந்திரம் எதுவும் இல்லை. நாலு வரவு, ஐந்து வரவு, சிலருக்குப் பத்து வரவு. வரவுக்கு முக்கால் மணி நேரம். அவ்வளவே.

"வெறும் பேச்சுதானே? பேச்சு என்ன மருந்தா?" என்று கேட்பவர்களுக்கு நம் சென்னையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் துறையில் மருத்துவர் சுனிதி சாலமன் இருந்தார். அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா. ஆய்வுக்காக, பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார் நிர்மலா. வேலூரில் பரிசோதனை நடந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் முதன்முதலாகத் தெரியவந்தது. அப்போது மருந்து என்று எதுவும் நம் கையில் இல்லை. பத்து வருடம் கழித்து வெளிநாடுகளில் கூட்டு மருந்து வந்தது. விலையைக் கேட்டால் இங்கே நம்மவர்களுக்குத் தலை சுற்றியது. 2004 ஏப்ரலில்தான் அரசு மருத்துவமனைகளில் அதை இலவசமாகத் தரத் தொடங்கினார்கள். தொடங்கிய முதல் இடங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று.

1986-லிருந்து 2004 வரை எத்தனை வருடம்? பதினெட்டு! அந்தப் பதினெட்டு வருடம், ரிசல்ட் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கிய ஏழைகளில் பெரும்பாலோருக்கு என்ன கொடுக்க முடிந்தது? காசநோய்க்கு மருந்து கொடுக்கலாம், வயிற்றுப்போக்குக்கு மருந்து கொடுக்கலாம். அந்த நோய்க்கு? பேச்சைத்தான் கொடுக்க முடிந்தது. பரிசோதனைக்கு முன்னால் ஒரு பேச்சு, ரிசல்ட் வந்த பிறகு ஒரு பேச்சு. மனைவியிடம் எப்படிச் சொல்வது? குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா? வீட்டில் தனித் தட்டு வைக்கிறார்களே, தேவையா? அண்ணன் கல்யாணத்துக்குப் போகலாமா? இந்தக் கேள்விகளுக்கு மாத்திரை உண்டா? உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டாமா?

சுனிதி சாலமன் 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற அமைப்பைத் தொடங்கிப் பரிசோதனையையும் ஆலோசனையையும் ஒரே கூரையின் கீழ் வைத்தார். அதோடு நிற்கவில்லை. எச்.ஐ.வி. உள்ள ஆணுக்கும் எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கும் தானே வரன் பார்த்துக் கல்யாணம் பேசினார்! சாக நாள் குறித்துக்கொண்டு வந்தவர்களுக்கு முகூர்த்த நாள் குறித்துக் கொடுத்த மருத்துவர் அவர். பிறகு அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற பலகையோடு அறைகள் வந்தன. தமிழ்நாட்டு ஏழை மக்கள் பலர் ஆலோசகர் என்று ஒருவரை முதன்முதலில் பார்த்தது அந்த அறைகளில்தான் என்பது என் எண்ணம்.

அதே 1986-இல், அதே சென்னையில், இன்னொன்றும் நடந்தது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கினார். அங்கே தொலைபேசியை எடுப்பவர்கள் மருத்துவர்கள் இல்லை. பயிற்சி பெற்ற தொண்டர்கள். இல்லத்தரசிகள், ஓய்வு பெற்றவர்கள், மாணவர்கள். அவர்கள் புத்தி சொல்ல மாட்டார்கள். கேட்பார்கள்.

இந்த முறை எங்கிருந்து வந்தது? லண்டனில் சாட் வாரா என்று ஒரு பாதிரியார். 1935-இல், இளம் வயதில், அவர் நடத்திய முதல் இறுதிச் சடங்கு ஒரு சின்னப் பெண்ணுக்கு. அந்தப் பெண் வயதுக்கு வந்திருக்கிறாள். அது என்னவென்று சொல்ல அவளுக்கு யாருமில்லை. கெட்ட நோய் வந்துவிட்டதாகப் பயந்து உயிரை விட்டுவிட்டாள். கேட்டால் ஒரு நிமிடத்தில் பதில் கிடைத்திருக்கும். கேட்க ஆள்தான் இல்லை! வாரா அதை மறக்கவே இல்லை. 1953-இல், சாக நினைப்பவர்கள் எனக்குப் போன் செய்யுங்கள் என்று அறிவித்தார். போனும் வந்தது, ஆட்களும் வந்தார்கள். கூட்டம் சேர்ந்ததும், காத்திருப்பவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்கச் சில தொண்டர்கள் சேர்ந்தார்கள். அங்கேதான் வேடிக்கை. டீ கொடுத்தவர்களிடமே மனதில் உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டு, "பாதிரியாரைப் பார்க்க வேண்டியதில்லை, நான் வருகிறேன்" என்று பலர் எழுந்து போய்விட்டார்கள். வேறொருவராக இருந்தால் கோபம் வந்திருக்கும். வாரா பெரிய மனிதர். 1954-இல் அந்த வேலையையே தொண்டர்கள் கையில் கொடுத்துவிட்டார்.

"இதெல்லாம் படித்தவர்களுக்கு, பணக்காரர்களுக்கு" என்று ஒரு பேச்சு உண்டு. அப்படியானால் ஜிம்பாப்வேக்குப் போவோம். ஹராரே நகரத்தில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர். அவரிடம் வந்துகொண்டிருந்த ஓர் இளம்பெண் இறந்துபோனாள். ஏன் அழைத்து வரவில்லை என்று தாயைக் கேட்டார். பஸ்ஸுக்குக் காசில்லை என்றாள் தாய். நாடு முழுவதற்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய மனநல மருத்துவர்களே இருந்த நேரம் அது. 2006-இல், ம்பாரே என்ற ஏழைப் பகுதியில் 14 பாட்டிகளுக்கு அவர் பயிற்சி கொடுத்தார். கட்டடம் கிடையாது. சுகாதார நிலையத்துக்கு வெளியே மரத்தடியில் ஒரு பெஞ்சு. மனநலப் பெஞ்சு என்று முதலில் சொன்னார்கள், யாரும் உட்காரவில்லை. பாட்டிகள்தான் அதை 'நட்புப் பெஞ்சு' ஆக்கினார்கள், கூட்டம் வந்தது! பிறகு 573 பேரைச் சேர்த்து முறையாக ஆய்வு செய்தார்கள். 2016-இல் வெளியான அதன் முடிவு என்ன? ஆறு மாதம் கழித்து, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களில் நூற்றுக்குப் 14 பேருக்குத்தான் இருந்தது. அந்தப் பாட்டிகள் எந்தக் கல்லூரியில் படித்தார்கள்?

ஆனால் ஒன்று. பாட்டிகளுக்கும் பயிற்சி கொடுத்தார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். புத்தி சொல்லாமல் இருப்பதற்குத்தான் அதிகப் பயிற்சி தேவைப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். நம் ஊர்ப் பாட்டிகளாக இருந்தால் இரண்டு மடங்கு தேவைப்படும்!

நாற்காலி காலியாக இருந்தும் கடைசி வரிசையில் நின்றுகொண்டே இருக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. இந்த நாட்டில் தற்கொலை செய்துகொள்கிற பத்துப் பேரில் ஏழு பேர் ஆண்கள். ஏழு பேர்! ஆலோசகர் அறைக்கு வெளியே காத்திருப்பவர்களைப் பாருங்கள், பெண்கள்தான் அதிகம். ஆண்கள் எங்கே? டாஸ்மாக் வாசலில் நிற்கிறார்கள். "ஆம்பிளைப் புள்ள அழலாமா?" என்று ஐந்து வயதில் கேட்டோமே, அதன் வட்டியைத்தான் இப்போது கட்டிக்கொண்டிருக்கிறோம்.

குடிக்கிறவர் வர மறுத்தால் என்ன செய்வது? அவர் மனைவி வரலாம். அவர் மகள் வரலாம். குடி நோய்க்கு 1980-லிருந்து சிகிச்சை தரும் சென்னை டி.டி.கே. மருத்துவமனையில் குடும்பத்தாருக்கென்றே தனியாக ஆலோசனை உண்டு. பாட்டிலை ஒளித்துவைப்பது, ஆபீசுக்குப் போன் செய்து "அவருக்குக் காய்ச்சல்" என்று பொய் சொல்வது, கடனை அடைத்துக்கொண்டே இருப்பது, இதெல்லாம் குடியை நிறுத்துகிறதா, தாங்கிப் பிடிக்கிறதா? அந்த மனைவி இதை எண்ணிப் பார்க்க ஓர் இடம் வேண்டும்.

பேசியது வெளியே போய்விடுமோ என்ற பயம் நியாயமான பயம். 2017-ஆம் வருடத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. அதே சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்க வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. ரகசியத்துக்கு விதிவிலக்கும் உண்டு. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றாலோ, குழந்தையிடம் யாராவது பாலியல் அத்துமீறல் செய்வது தெரியவந்தாலோ ஆலோசகர் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. நல்ல ஆலோசகர் இதை முதல் நாளே சொல்லிவிடுவார். சொல்லவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள்.

என் தொழிலைப் பற்றி நானே குறை சொல்லவும் வேண்டியிருக்கிறது. ஆலோசகர் என்று பலகை மாட்டியவர் எல்லாம் ஆலோசகர் இல்லை. என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று தாராளமாகக் கேட்கலாம். கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடுங்கள். முதல் பத்து நிமிடத்திலேயே தன் சொந்தக் கதையைத் தொடங்குகிறவரிடம் பணம் கட்டாதீர்கள். அடி வாங்கி வந்த பெண்ணிடம் "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்கிறவர் அந்த நாலு பேரில் ஒருவர், ஐந்தாவது ஆள் இல்லை. அடி விழுகிற வீட்டில் முதல் வேலை பாதுகாப்பு. அதற்கு 181 என்ற எண் இருக்கிறது. பேச்செல்லாம் அதற்குப் பிறகு.

பேச்சால் ஆகாத காரியங்களும் உண்டு. காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று நம்புகிறார், நாள் கணக்கில் தூங்காமல் பணத்தை வாரி இறைக்கிறார் என்றால் மனநல மருத்துவர் வேண்டும், மருந்து வேண்டும். இப்படிப்பட்டவரைப் பேச்சிலேயே வைத்துக்கொண்டிருக்கும் ஆலோசகர் துரோகம் செய்கிறார். கந்துவட்டிக்காரனையும் ஆலோசகரால் விரட்ட முடியாது. ஆனால் எந்த அலுவலகத்துக்கு, எந்த மனுவோடு போவது என்று நிதானமாக யோசிக்கும் நிலைக்கு உங்களைக் கொண்டுவர முடியும்.

எங்கே போவது? மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டு வாங்கினால் போதும். விவாகரத்து வழக்கு நடக்கிறதென்றால், 1984-ஆம் வருடச் சட்டப்படி அமைந்த குடும்பநல நீதிமன்றத்திலேயே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். வெளியே கிளம்பவே முடியவில்லை என்றால் 14416. மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது, காசு கிடையாது, ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். 104 என்ற எண்ணிலும் பேசலாம். என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் "ஒண்ணுமில்ல, தூக்கம் வரல" என்று தொடங்குங்கள். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நூலகர் என்னை முறைக்கிறார், நேரமாகிவிட்டது. இனி கேள்வி நேரம். எழுந்து கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம். கூச்சமாக இருந்தால், உங்கள் நாற்காலியில் வைத்த துண்டுச்சீட்டில் எழுதி வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிடுங்கள். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். பொதுவாகப் பதில் சொல்லக்கூடியதை இப்போதே மேடையில் சொல்கிறேன். சொல்ல முடியாததை எழுதியவர்களுக்காகக் கூட்டம் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும் குறிப்புதவி அறையில் இருப்பேன். கதவு சாத்தியிருந்தால் உள்ளே யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வெளியே பெஞ்சு போட்டிருக்கிறார்கள், கொஞ்சம் உட்காருங்கள்.